தில்லிக்கு வந்த நயோபியம்

பெருங்கருவிகளின் கதை – 17

கடந்த வாரம் கதையை 1911 ஏப்ரலில், நெதர்லாந்தின் லைடன் நகரில் நிறுத்தியிருந்தோம். காமர்லிங் ஒன்னஸின் ஆய்வுகூடத்தில் இரசத்தைத் திரவ ஈலியத்தில் குளிரவைத்தார்கள். வெப்பநிலை 4.2 கெல்வினை அண்டியதும் அதன் மின்தடை திடுதிப்பென்று இல்லாமற்போனது. மீகடத்தல் என்ற விந்தை உலகுக்குத் தெரிய வந்தது அன்றைக்குத்தான். அந்த விந்தையைத் துணிக்கை ஆர்முடுக்கிகளுக்குள் கொண்டுபோனவர்கள் யார், அந்தக் கலை அமெரிக்காவிலிருந்து தில்லிக்கும் இந்தூருக்கும் எப்படி வந்தது என்பது இந்த வாரக் கதை. அதற்கு முன் ஈலியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய பாக்கி ஒன்று இருக்கிறது.

1868 ஆகஸ்ட் 18ஆம் திகதி முழுச் சூரிய கிரகணத்தை ஆந்திரக் கரையோரத்தில் நின்று பார்த்தவர்களின் கருவிகளில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அந்தக் கோட்டுக்குச் சொந்தமான வாயுவைப் பூமியில் பிடித்தவர் லண்டனில் இருந்த வில்லியம் ராம்சே. ஆண்டு 1895. ஆனால் ஆய்வுகூடக் குழாய்க்குள் பிடித்த துளி வாயுவைத் திரவமாக்க முடியாது. நூற்றுக்கணக்கான லீற்றர் வேண்டும். ஒன்னஸுக்குக் கைகொடுத்தவர் அவருடைய சகோதரர். அம்ஸ்டர்டாமில் வர்த்தகத் தகவல் அலுவலகம் ஒன்றை நடத்திவந்த அவர், அமெரிக்காவிலிருந்து மொனசைற்று மணலைத் தருவித்துக் கொடுத்தார். அந்த மணலைச் சூடாக்கிப் பிரித்தெடுத்த ஈலியம்தான் 1908 ஜூலை 10ஆம் திகதி லைடனில் முதன்முதலாகத் திரவமாகியது. கிடைத்தது 60 மில்லிலீற்றர்.

அதே காலத்தில் ராம்சேயின் மேசையில் நம் நாட்டுக் கல் ஒன்றும் இருந்தது. ஹப்புத்தளையிலிருந்து பெரகலை இறங்கி, பெலிஹுல்ஓயாவைத் தாண்டினால் பலாங்கொடை. 1904இல் அந்தப் பகுதியில் கிடைத்த கனத்த கறுப்புப் படிகங்களை லண்டனுக்கு அனுப்பிவைத்தவர் இலங்கைக் கனியவள அளவையின் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி. ஆம், சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன்; பிற்காலத்தில் நடராசர் வடிவத்தைப் பற்றி உலகமே படித்த கட்டுரையை எழுதிய அதே மனிதர். அந்தக் கல்லுக்குத் தோரியனைற்று என்று பெயரிட்டார்கள். அதில் பெரும்பங்கு தோரியம். தோரியம் தேய்ந்து வெளிவிடும் அல்பாத் துணிக்கைகளே ஈலியக் கருக்கள் என்பதால், கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கல்லுக்குள் ஈலியம் சேர்ந்து அடைபட்டுக் கிடந்தது. ஒரு கிராம் கல்லில் ஏறத்தாழ 9 கன சென்ரிமீற்றர் வாயு. ராம்சேயிடம் வேலை பழக வந்த இளைஞர் ஒட்டோ ஹான், 1905இல் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தது இந்த இலங்கைக் கல்லிலிருந்து பிரித்த உப்பில்தான். லைடன் குளிரூட்டியில் ஓடியது நம் ஈலியம் இல்லை. ஆனால் அந்தக் காலத்து ஆய்வுகூடங்களின் கொடுக்கல் வாங்கலில் பலாங்கொடைக்கும் ஓர் இடம் இருந்தது.

சரி, ஆர்முடுக்கிக்கு வருவோம்.

துணிக்கையை வேகப்படுத்த ஓர் உலோகக் குழிக்குள் மின்காந்த அலையை நிரப்பி, அலை சரியான பக்கம் திரும்பும் கணத்தில் துணிக்கையை உள்ளே விடுவார்கள். இந்தக் குழியை ஆய்வுகூடக்காரர்கள் கேவிட்டி என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம். தெமோதரைக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்குவது சுலபம். 44 அடிக்கு ஓர் அடி என்ற சாய்வுக்கு மேல் மலை ரயில் தாங்காது என்பதால், பாதையை நீட்டி, வளைத்து, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கம் வெட்டி மறுபடியும் கொண்டுவந்தார்கள். வட்ட ஆர்முடுக்கியும் இப்படித்தான் பாதையை நீட்டுகிறது. ஒரே கேவிட்டியைத் துணிக்கை திரும்பத் திரும்பக் கடந்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உந்தல் பெறுகிறது. நேர்கோட்டு ஆர்முடுக்கிக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு கேவிட்டியையும் ஒரே ஒரு தடவைதான் கடக்கலாம். ஆகவே ஒவ்வொரு மீற்றரிலும் முடிந்த அளவு கொடுத்தாக வேண்டும்.

செப்பில் கேவிட்டி செய்தால் கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சுவரைச் சூடாக்குவதிலேயே போய்விடும். மகரகமப் புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களுக்கு லினாக் எனப்படும் நேர்கோட்டு ஆர்முடுக்கி இயந்திரம் தெரிந்திருக்கும். அதற்குள் இருப்பது செப்புக் கேவிட்டிதான். சிறு சிறு துடிப்புகளாக இயங்கி, இடையிடையே ஆறுவதால் அது சமாளிக்கிறது. பாரமான அணுக்கருக்களை இடைவிடாமல் அனுப்ப வேண்டிய பௌதிக ஆய்வுக்கு அது போதாது. மீகடத்தியாகிய உலோகத்தில் கேவிட்டி செய்தால் சுவரில் வீணாகும் சக்தி லட்சத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. உயர் மீடிறன் அலைக்கு மீகடத்தியிலும் சொற்பத் தடை உண்டு. அந்தச் சொற்ப வெப்பத்தையும் அகற்றியாக வேண்டும். 4 கெல்வினில் ஒரு வாற்று வெப்பத்தை வெளியேற்ற, வெளியே பல நூறு வாற்று மின்சாரம் செலவாகும். அந்தக் கணக்கைக் கழித்த பிறகும் இலாபம் இலாபம்தான்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1960களின் நடுப்பகுதியில் ஈயம் பூசிய கேவிட்டியில் இலத்திரன்களை வேகப்படுத்திக் காட்டினார்கள். ஈயம் மீகடத்தியாவது 7.2 கெல்வினில். அதைவிட நல்லது நயோபியம்: 9.2 கெல்வின். சாதாரண அழுத்தத்தில், தனித் தனிமங்களில் இதற்கு மேல் எதுவும் இல்லை. சிக்காகோவுக்கு அருகிலுள்ள ஆர்கோன் தேசிய ஆய்வுகூடம் 1978இல் நயோபியக் கேவிட்டிகளால் பாரமான அயன்களை வேகப்படுத்தியது. அந்த வகையில் அதுதான் உலகில் முதலாவது.

இந்தியாவுக்கு இது தேவைப்பட்டது அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. மும்பையில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவன வளாகத்தில் 14 மில்லியன் வோல்ற்றுப் பெலட்ரோன் ஆர்முடுக்கி 1988இன் முடிவில் ஓடத் தொடங்கியது. தில்லியில் பல்கலைக்கழகங்களின் பொது உபயோகத்துக்காக 1984இல் அமைந்த அணு விஞ்ஞான மையத்தில் 15 மில்லியன் வோல்ற்று இயந்திரம் 1991இல் வந்தது. (இந்த மையத்துக்கு 2005 முதல் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ஆர்முடுக்கி மையம் என்று பெயர்.) இரண்டும் நிலைமின் இயந்திரங்கள். பாரம் கூடிய அணுக்கருக்களை இன்னொரு கருவோடு மோதி இணைய வைக்க இவற்றின் சக்தி மட்டும் பற்றாது. பின்னால் ஒரு மீகடத்தி லினாக்கைப் பூட்ட வேண்டும்.

மும்பைக்காரர்கள் ஈயத்தைப் பிடித்தார்கள். செப்பில் செய்து உள்ளே ஈயம் பூசிய, 150 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் 28 கேவிட்டிகள். அந்த லினாக் 2007இல் முழுமையடைந்தது. ஈயப் பூச்சு செலவு குறைந்த வழி, கையிலுள்ள வசதியில் செய்து முடிக்கக்கூடிய வழி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தில்லிக்காரர்கள் கடினமான வழியைத் தேர்ந்தார்கள். அன்றைய பணிப்பாளர் ஜி. கே. மேத்தாவின் காலத்திலேயே ஆர்கோனோடு பேச்சு நடந்தது. தில்லியின் அமித் ரோய், பி. என். பொடுகுச்சி ஆகியோரும் ஆர்கோனின் கென் ஷெப்பர்டும் சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் புதிய கேவிட்டி ஒன்றை வடிவமைத்தார்கள். 97 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீற்றர். அதில் கால்வாசி உயரமுள்ள உருளை. நடுவில் மேலிருந்து தொங்கும் உள்ளீடற்ற நயோபியத் தண்டு. முதல் தொகுதிக் கேவிட்டிகள் ஆர்கோனில்தான் செய்யப்பட்டன. தில்லியிலிருந்து போனவர்கள் அங்கே பக்கத்தில் நின்று வேலையைப் பழகினார்கள்.

இத்தோடு நின்றிருந்தால் இது வெறும் கொள்முதல் கதையாகப் போயிருக்கும். மிச்சக் கேவிட்டிகளையும் அமெரிக்காவிலேயே செய்யச் சொல்லிப் பணம் அனுப்பியிருக்கலாம். அதுதான் சுருக்கமான வழி. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. இலத்திரன் கற்றை வெல்டிங் இயந்திரம், மேற்பரப்பைச் சுத்தம் செய்யும் இரசாயன அறை, உயர் வெற்றிட உலை ஆகிய மூன்றையும் தில்லியிலேயே நிறுவி 2002 அளவில் வேலையைத் தொடங்கினார்கள். என் கணிப்பில் இந்தியாவின் மீகடத்தி ஆர்முடுக்கிக் கதையில் மிக முக்கியமான முடிவு இதுதான். அமைச்சர்கள் கையொப்பமிட்ட எந்த ஒப்பந்தத்தையும் இதற்குப் பிறகுதான் வைப்பேன்.

அந்த வெல்டிங் வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நயோபியம் சூடானால் காற்றிலுள்ள ஒட்சிசனையும் நைதரசனையும் ஐதரசனையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுத்துக்கொண்டால் அதன் தூய்மை போய்விடும். ஆகவே சாதாரண வெல்டிங்குக்கு அங்கே இடமில்லை. துண்டுகளை ஒரு பெரிய வெற்றிட அறைக்குள் வைத்து மூடி, காற்றை உறிஞ்சி எடுத்த பிறகு, வெளியிலிருந்தபடி இலத்திரன் கற்றையைச் செலுத்தி விளிம்புகளை உருக்கி இணைக்கிறார்கள். துண்டுகளை வெல்டிங்குக்கு முன் அமிலத்தில் கழுவ வேண்டும். கழுவியதை வெறும் விரலால் தொடக் கூடாது. கற்றை கொஞ்சம் கூடினால் ஓட்டை விழும். குறைந்தால் உட்பக்கம் உருகாமல் வெடிப்பு நிற்கும். தையலில் ஊசிமுனை அளவு குழி இருந்தாலும் அந்தப் புள்ளி மட்டும் சூடாகி 9.2 கெல்வினைத் தாண்டும். அடுத்த கணம் சுற்றியுள்ள உலோகமும் மீகடத்தலை இழந்து, கேவிட்டி முழுவதும் படுத்துவிடும். பல மாதம் பாடுபட்டுச் செய்த கேவிட்டியில் ஒரு தையல் பிழைத்தால் கதை முடிந்தது. வெல்டிங் முடிந்ததும் ஐதரோபுளோரிக் அமிலம் கலந்த குளியலில் உட்பக்கத்தின் மேல்தோலைக் கரைத்து எடுப்பார்கள். பிறகு மிகத் தூய நீரால் கழுவுவார்கள். தூசி ஒன்று ஒட்டினாலும் அதன் நுனியிலிருந்து இலத்திரன்கள் பாய்ந்து சக்தியைக் குடித்துவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்து கேவிட்டியைக் குளிர வைத்த பிறகும் தில்லியில் ஒரு சிக்கல் எழுந்தது. நடுவில் தொங்கும் தண்டு நடுங்கியது. பம்பிகளின் அதிர்வும் ஈலியத்தின் கொதிப்பும் போதும். தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு ஆடினாலே கேவிட்டியின் மீடிறன் விலகிவிடும். விலகிய மீடிறனைப் பிடித்து வைத்திருக்கக் கூடுதல் மின்வலு செலுத்த வேண்டும். அந்த வலு உள்ளே போகும் கம்பிவடத்தைச் சூடாக்கும். பலவிதக் கட்டுப்பாட்டு மின்சுற்றுகளால் இதைச் சமாளிக்க உலகெங்கும் முயன்றிருக்கிறார்கள். தில்லிக் குழு கண்ட வழி மிக எளிமையானது. உள்ளீடற்ற அந்தத் தண்டுக்குள் துருவேறா உருக்குக் குண்டுகளைப் போட்டார்கள். தண்டு ஆடும்போது குண்டுகள் ஒன்றோடொன்று உரசி, ஆட்டத்தின் சக்தியைத் தாங்களே வாங்கிக்கொள்கின்றன. நடுக்கம் அடங்கியது, தேவைப்பட்ட மின்வலுவும் இறங்கியது. 2007இல் சர்வதேச ஆய்விதழில் இதை வெளியிட்டார்கள். சொல்லிக்கொடுத்த ஆர்கோனின் வரைபடத்தில் இல்லாத ஒன்று இது. கேவிட்டியைத் தாங்களே செய்து, தாங்களே பூட்டி, தாங்களே அதோடு மல்லுக்கட்டியிராவிட்டால் இந்த யோசனை வந்திருக்காது.

இதற்கிடையில் அரசியலும் குறுக்கே வந்தது. 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியதும் அமெரிக்கா தடை விதித்தது. இந்திய அணுசக்தித் துறையின் ஆய்வுகூடங்கள், இந்தூரிலுள்ள உயர் தொழில்நுட்ப மையம் உட்பட, தடைப்பட்டியலில் ஏறின. பௌதிகவியலாளர் பலருக்கு விசா கிடைப்பதே பெரும்பாடாகியது. ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடம் அந்தக் கதவை மூடவில்லை. 1991இல் தொடங்கிய ஒத்துழைப்பும், பெரிய ஹாட்ரன் மோதுவிக்காக 1996இல் செய்த உடன்பாடும் அப்படியே நடந்தன.

சேர்னுக்கு இந்தியா பெரும்பாலும் பொருளாகவே கொடுத்தது. அந்த மோதுவியின் 27 கிலோமீற்றர் வளையத்தில் 15 மீற்றர் நீளமான 1,232 பிரதான காந்தங்கள் இருக்கின்றன. நயோபியம்–டைட்டேனியம் கம்பி சுற்றிய இவை 1.9 கெல்வினில் வேலை செய்கின்றன. இவற்றின் சிறு பிழைகளைத் திருத்தும் மீகடத்தித் திருத்தற் காந்தங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவையும், காந்தங்களைத் தாங்கி மில்லிமீற்றரின் சிறு பின்னம் வரை நகர்த்தி நிறுத்தும் ஏறத்தாழ 7,000 ஜாக்கிகளும் இந்தூர் மையத்தின் பொறுப்பில் இந்தியத் தொழிற்சாலைகளில் உருவானவை. இந்தியப் பொறியியலாளர்கள் முறைவைத்து ஜெனீவாவுக்குப் போய்க் காந்தங்களைக் குளிரவைத்துச் சோதிக்கும் வேலையையும் செய்தார்கள். சேர்ன் வளாகத்தில் 2004 முதல் நிற்கும் நடராசர் சிலையைப் படம் பிடிக்காமல் திரும்பும் தமிழர் இல்லை. அந்த ஜாக்கிகளைப் பற்றிக் கேட்டறிந்தவர் குறைவு.

2008 செப்ரெம்பர் 19இல் அந்த வளையத்தில் இரண்டு காந்தங்களுக்கிடையிலான ஒரு மின் இணைப்புப் பழுதாகி, தொன் கணக்கில் ஈலியம் சுரங்கத்துக்குள் பீறிட்டது. 53 காந்தங்களை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. இயந்திரம் மறுபடி ஓட ஓராண்டுக்கு மேல் சென்றது. கோடிக்கணக்கான பணமும் ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளும் ஓர் ஒட்டு வேலைக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

அமெரிக்காவோடு உறவு சீரடைந்த பிறகு பேர்மி ஆய்வுகூடம் கதைக்குள் வருகிறது. இலினோய் மாநிலத்தில், ஆர்கோனுக்கு வெகு தூரமில்லாத இடம் அது. அங்கிருந்து இந்தியக் கூட்டுறவை ஒழுங்குசெய்தவர் ஷேகர் மிஸ்ரா. இந்தூர், மும்பையின் பாபா அணு ஆய்வு மையம், கொல்கத்தாவின் சைக்ளோட்ரோன் மையம், தில்லி மையம் ஆகிய நான்கும் ஒரு பக்கம், பேர்மி மறுபக்கம். இரு நாட்டுச் சக்தித் துறைகளும் 2011இல் உடன்பாட்டில் கையொப்பமிட்டன. அதற்கு முன்னரே வேலை தொடங்கிவிட்டது. இந்தியாவின் முதலாவது 1.3 கிகாஹேர்ட்ஸ் ஒற்றையறை நயோபியக் கேவிட்டியின் பயணத்தைப் பாருங்கள். நயோபியத் தகட்டை அச்சில் அழுத்திக் கிண்ணமாக்கியது இந்தூரில். கிண்ணங்களை இலத்திரன் கற்றையால் ஒட்டியது தில்லியில், மிச்சக் கேவிட்டிகளைத் தாங்களே செய்வதற்காக நிறுவியிருந்த அதே இயந்திரத்தில். இறுதிச் சோதனை பேர்மியில். மீற்றருக்கு ஏறத்தாழ 20 மில்லியன் வோல்ற்று வரை அது தாங்கியது. முதல் முயற்சிக்கு இது நல்ல பெறுபேறு என்று தயங்காமல் சொல்லலாம். பிறகு இந்தூர் தனக்கென வெல்டிங் இயந்திரத்தையும், பேர்மியோடு சேர்ந்து வடிவமைத்த 2 கெல்வின் சோதனைத் தொட்டியையும் அமைத்துக்கொண்டது. மும்பையிலிருந்து வலுவூட்டும் மின்னணுப் பெருக்கிகள் பேர்மிக்குப் போயின.

பேர்மியில் இப்போது எழும்பிவரும் 800 மில்லியன் இலத்திரன்வோல்ற்று மீகடத்தி லினாக்குக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் கற்றையிலிருந்து பிறக்கும் நியூத்திரினோக்கள் 1,300 கிலோமீற்றர் பாறையைத் துளைத்துத் தெற்கு டகோட்டாச் சுரங்கத்திலுள்ள உணரிகளுக்குப் போகும். இந்தியா, இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன், போலந்து ஆகிய நாடுகள் பாகங்களைச் செய்து கொடுக்கின்றன. இந்தியாவுக்கு இதில் சொந்த நோக்கமும் உண்டு. புரோத்தன் லினாக்கைத் துணைகொண்டு தோரியத்தை எரிக்கும் அணு உலை அதன் நெடுநாள் திட்டங்களில் ஒன்று. தெரிந்தே தன் தேவைக்காகக் கற்பதில் தவறில்லை. ஒத்துழைப்பு நீடிப்பதும் இரு பக்கமும் இப்படி வெளிப்படையாகக் கணக்குப் பார்க்கும்போதுதான்.

இலங்கைக்கு வருவோம். 2017 பெப்ரவரியில் இலங்கையும் சேர்னும் ஒத்துழைப்பு உடன்பாடு செய்துகொண்டன. மாத்தறை ருஹுணு பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையினருடைய பெயர்கள் சேர்னின் சி.எம்.எஸ். பரிசோதனைக் கட்டுரைகளில் வருகின்றன. தரவுப் பகுப்பாய்வுக்குக் கணினியும் நல்ல மூளையும் போதும், ஆகவே அங்கே தொடங்கியது சரிதான். ஆனால் மீகடத்தி ஆர்முடுக்கி ஒன்றும் நம் நாட்டில் இல்லை. குளிர் தொழில்நுட்பமும் வெற்றிட வெல்டிங்கும் பழகிய கைகள் நம்மிடம் உருவாகவும் இல்லை. இயந்திரம் வாங்கப் பணமில்லை என்பது பாதி நியாயம். 1990களில் தில்லிக்காரர்கள் ஆர்கோனுக்கு முதலில் அனுப்பியது பணத்தை மட்டுமல்ல, ஆட்களையும். பல்கலைக்கழகங்களின் பொது உபயோகத்துக்காகவே கட்டிய தில்லி மையம், கொழும்பிலிருந்து நான்கு மணிநேர விமானப் பயண தூரத்தில் இருக்கிறது. பேராதனை, யாழ்ப்பாணம், பதுளை ஊவா வெல்லஸ்ஸ ஆகிய பல்கலைக்கழகங்கள் விரிவுரையாளர்களோடு தொழில்நுட்ப உத்தியோகத்தர்களையும் அங்கே ஆறு மாதம் வேலை பழக அனுப்பக் கேட்க வேண்டும். ஒரு தோட்டத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவரின் மகன் அந்த வேலைக்குத் தகுதியில்லாதவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மாணவர்களுக்கு ஒரு தகவல். சேர்னின் கோடைகால மாணவர் திட்டம் உறுப்பு நாடல்லாத நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கும் திறந்தது. பௌதிகவியல், பொறியியல், கணினி விஞ்ஞானம் ஆகியவற்றில் ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு படித்திருக்க வேண்டும். விண்ணப்பம் ஆண்டுதோறும் கோருகிறார்கள். பண்டாரவளையிலும் பசறையிலும் லுணுகலையிலும் கணிதப் பிரிவில் படித்துப் பல்கலைக்கழகம் போயிருக்கும் பிள்ளைகள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதை இன்றைக்கே அவர்களிடம் சொல்லுங்கள்.

(தொடரும்)